பத்தியைக் கொடுத்தால் கேள்வி வருமா: தமிழ் வகுப்புக்கு எந்த லைப்ரரி?

காரைக்குடி, பள்ளத்தூர், கோட்டையூர் பக்கம் மாலை வகுப்பு நடத்துகிறவர்களுக்கு வாராவாரம் தீராத வேலை கேள்வித்தாள் எழுதுவது. புக் பேக் கேள்விகளைப் பிள்ளைகள் மனப்பாடமாகவே வைத்திருக்கிறார்கள். பாடத்தின் உள்ளிருந்து கேட்டால்தான் படித்தார்களா இல்லையா என்று தெரியும். ஆனால் ஒரு பத்தியை எடுத்து, ஒன் மார்க் கேள்விகள் எழுதி, ஒவ்வொன்றுக்கும் நான்கு ஆப்ஷன் யோசித்துப் போடுவதற்குள் ஆசிரியருக்கு ஒரு மாலைப் பொழுது போய்விடும். அந்த நேரம் பிள்ளைகளுக்குச் சேர வேண்டியது. அதனால்தான் பத்தியிலிருந்து தானாகக் கேள்வி உருவாக்கும் ஓப்பன் சோர்ஸ் லைப்ரரிகளை (யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய ஆயத்த நிரல் தொகுப்புகளை) ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தோம். எங்களிடம் இருப்பது 8 ஜிபி நினைவகமுள்ள, ஜிபியு (பெரிய கணக்குகளை வேகமாகச் செய்யும் தனிச் சில்லு) இல்லாத மடிக்கணினி. பாடங்கள் தமிழில். இந்த இரண்டையும் மனதில் வைத்து இதைப் படியுங்கள். ஆங்கில வழி வகுப்பு நடத்துபவருக்கு முடிவு வேறாக இருக்கும், அதையும் சொல்கிறேன்.

லைப்ரரிகளைப் பார்ப்பதற்கு முன் ஒரு சோதனைப் பத்தியை முடிவு செய்துகொள்ளுங்கள். நாங்கள் வைத்துக்கொண்டது இது:

"காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் அமைய அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948 ஜூலை 25 அன்று ஜவாஹர்லால் நேரு அதற்கு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14 அன்று அன்றைய குடியரசுத் துணைத் தலைவர் ராதாகிருஷ்ணன் அதைத் திறந்து வைத்தார்."

மூன்றே வாக்கியம். ஆனால் கேள்வி எழுதும் கருவி எங்கெல்லாம் இடறுமோ அதெல்லாம் இதில் இருக்கிறது. மூன்று மனிதர்கள், மூவரும் ஒரே நிறுவனத்தோடு தொடர்புள்ளவர்கள். "நிறுவனத்தை உருவாக்கியவர் யார்?" என்று ஒரு கருவி கேட்டால் அந்தக் கேள்வி செல்லாது, ஏனென்றால் மூவரில் யாரை எழுதினாலும் மாணவர் வாதாடலாம். இரண்டாவது, மூன்றாவது வாக்கியங்களில் "அதற்கு", "அதை" என்று வருகிறது. வாக்கியத்தை மட்டும் பிய்த்தெடுத்துக் கேள்வியாக்கும் கருவி "1948 ஜூலை 25 அன்று அதற்கு அடிக்கல் நாட்டியவர் யார்?" என்று கேட்கும். எதற்கு? தாளில் பதில் இருக்காது. அப்புறம் இரண்டு தேதிகள், இரண்டு அளவுகள். 300 ஏக்கருக்கு "எத்தனை", 15 லட்சத்துக்கு "எவ்வளவு". மனிதருக்கு "யார்", நிறுவனத்துக்கு "எது". தமிழில் கேள்வி கேட்கும் கருவிக்கு இந்த வேறுபாடுகள் தெரிந்தே ஆக வேண்டும்.

ஆங்கிலத்துக்காகப் பிறந்தவை

தேடினால் முதலில் கண்ணில் படுவது க்வெஸ்ட்ஜென். பைத்தானில் எழுதப்பட்டது. நான்கு ஆப்ஷன் கேள்வி, ஆம்-இல்லை கேள்வி, ஒரே கேள்வியை வேறு சொற்களில் எழுதுவது என எல்லாவற்றையும் ஒரே இடத்தில் தருகிறது. ஒரு ஆசிரியருக்குத் தேவையானதை யோசித்துச் செய்திருக்கிறார்கள் என்பது பார்த்தவுடன் தெரியும். அடுத்தது, 2020-இல் வந்த, பெயரே கேள்வி உருவாக்கம் என்று பொருள்படும் க்வெஸ்சன் ஜெனரேஷன் என்ற தொகுப்பு. இது ஹக்கிங் ஃபேஸ் நிறுவனத்தின் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் என்ற லைப்ரரி மேல் நிற்கிறது. விடை எது என்று பத்தியில் அடையாளமிட்டுக் கொடுத்தால் அதற்கான கேள்வியை எழுதும். விடையே கொடுக்காமல் பத்தியை மட்டும் கொடுத்தாலும் கேள்விகளை வரிசையாகத் தரும். நிரல் சிறியது, படித்துப் புரிந்துகொள்ளலாம். எங்கள் குழுவில் பொறியியல் படிக்கும் பிள்ளைகளுக்கு இத்துறையைக் கற்றுக்கொடுக்க இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியவில்லை.

ஆனால் இரண்டுக்கும் அடித்தளம் கூகுளின் டி5 மாடல், அதாவது ஏராளமான உரையைப் படித்து மொழியைக் கற்ற நிரல். அதன் சொற்களஞ்சியத்தில் 32,000 துணுக்குகள் (சொற்களும் சொல்லின் பகுதிகளும்) இருக்கின்றன. அவை ஆங்கிலம், ஜெர்மன், பிரெஞ்சு, ரோமானியம் ஆகிய நான்கு மொழிகளுக்காகச் சேர்க்கப்பட்டவை. தமிழ் எழுத்து உள்ளே போனால் "தெரியாத துணுக்கு" என்ற ஒரே குறியாக மாறிவிடும். மாடல் நம் பத்தியைத் தவறாகப் படிப்பதில்லை, படிப்பதே இல்லை. அமைப்புகளை மாற்றி இதைச் சரி செய்ய முடியாது. எனவே தமிழ்ப் பாடத்துக்கு இந்த இரண்டும் இல்லை என்று இங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

க்வெஸ்ட்ஜென் தவறான ஆப்ஷன்களை எடுக்கும் விதமும் கவனிக்க வேண்டியது. சென்ஸ்டுவெக் என்ற சொல் வரைபடத்திலிருந்து விடைக்கு நெருக்கமான சொற்களை எடுக்கிறது. அந்த வரைபடம் ரெடிட் தளத்தின் ஆங்கிலக் கருத்துரைகளிலிருந்து கற்றுக்கொண்டது. பொது அறிவியல் சொற்களுக்கு அது நன்றாகவே உதவும். ஆத்தங்குடி ஓடு, கண்டாங்கிச் சேலை, குன்றக்குடி என்று வந்தால் அதற்கு அக்கம்பக்கம் தெரிய வழியில்லை. ஆங்கில வழி அறிவியல், கணினி பாடங்களுக்கு க்வெஸ்ட்ஜென்னைத் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளூர் வரலாற்றுக்கு ஆங்கிலத்தில்கூட அதன் ஆப்ஷன்களை நம்ப வேண்டாம்.

மூன்றாவது எல்எம்க்யூஜி. இதை மற்ற இரண்டோடு சேர்க்கக் கூடாது. 2022-இல் இஎம்என்எல்பி என்ற மொழித் தொழில்நுட்ப மாநாட்டில் வந்த ஆய்வோடு வெளியான லைப்ரரி இது. ஆங்கிலத்தோடு ஜப்பானியம், கொரியம், ரஷ்யம், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானியம், இத்தாலியம் ஆகியவற்றுக்கும் பயிற்சி பெற்ற மாடல்களைத் தந்தது. அந்தப் பட்டியலில் தமிழ் இல்லை. ஆனால் புதிய மொழிக்கு மாடலைப் பயிற்றுவிக்கும் கருவிகளும் மதிப்பிடும் கருவிகளும் அதற்குள்ளேயே இருக்கின்றன. அது பிற மொழிகளுக்குப் பயன்படுத்தும் எம்டி5 மாடலுக்கு 101 மொழிகள் தெரியும், தமிழும் அதில் ஒன்று. ஜிபியு வசதியும் பொறுமையும் உள்ள கல்லூரிக் குழு ஒன்று தமிழுக்காகப் புதிதாக ஏதாவது செய்ய நினைத்தால் இங்கே தொடங்கலாம். அடுத்த வாரத் தேர்வுக்கு இது உதவாது.

தமிழ் படித்தவை

தமிழுக்கென்று பயிற்சி பெற்ற கேள்வி மாடலைத் தேடினால் வந்து நிற்கும் இடம் ஐஐடி மெட்ராஸில் இயங்கும் ஏஐ4பாரத் ஆய்வுக் குழு. இவர்களின் இண்டிக்பார்ட் பதினோரு இந்திய மொழிகளையும் ஆங்கிலத்தையும் கற்ற மாடல். சுமார் 24 கோடி அளவுருக்கள்தான் (மாடலின் பருமனைக் காட்டும் எண் இது). ஜிபியு இல்லாத கணினியிலும் நிதானமாக ஓடும் அளவு. அதைக் கேள்வி எழுதப் பழக்கிய வடிவத்தையும் வெளியிட்டிருக்கிறார்கள். விடையையும் அந்த விடை வரும் வாக்கியத்தையும் கொடுத்தால் கேள்வியை எழுதித் தரும்.

இந்த மாடல் எதைப் படித்து வளர்ந்தது என்பது முக்கியம். 2016-இல் வந்த ஸ்க்வாட் என்ற ஆங்கிலத் தரவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கேள்விகள் இருக்கின்றன. எல்லாம் ஆங்கில விக்கிப்பீடியாக் கட்டுரைகளின் மேல் எழுதப்பட்டவை. அதை இயந்திர மொழிபெயர்ப்பால் இந்திய மொழிகளுக்குக் கொண்டுவந்துதான் இந்த மாடலைப் பழக்கினார்கள். ஸ்க்வாடில் அமெரிக்கக் கால்பந்து இறுதிப்போட்டி இருக்கிறது, பாடகி பியான்சே இருக்கிறார், நோட்டர் டேம் பல்கலைக்கழகம் இருக்கிறது. நம் பாடநூல் நடை இல்லை. "தொடங்கியவர் யார்?", "பெயர் பெற்ற ஊர் எது?" என்று நம் வினாத்தாள்களுக்கு ஒரு வழக்கமான நடை உண்டு. மொழிபெயர்ப்பில் வளர்ந்த மாடலிடம் அந்த நடையை முழுதாக எதிர்பார்க்கக் கூடாது. ஆசிரியர் கை வைத்துத்தான் ஆக வேண்டும்.

இன்னொன்று, வாக்கியம் ஒன்றுதான் உள்ளே போகிறது. ஆகவே சோதனைப் பத்தியின் "அதற்கு" சிக்கல் இங்கே அப்படியே நிற்கும். இதற்கு எளிய வழி இருக்கிறது. பத்தியை உள்ளே கொடுப்பதற்கு முன் "அது", "அவர்", "இங்கு" ஆகியவற்றை உரிய பெயரால் மாற்றி எழுதிவிடுங்கள். ஒரு பாடத்துக்கு இதைச் செய்ய அதிக நேரம் ஆகாது. எட்டாம் வகுப்பு மாணவரையே செய்யச் சொல்லலாம், அதுவே அவருக்கு நல்ல பயிற்சி.

சரி, விடைகளை யார் தேர்ந்தெடுப்பது? மாடலுக்கு விடையைக் கொடுக்க வேண்டுமே. ஏஐ4பாரத்தின் இண்டிக்என்இஆர் ஆள், இடம், அமைப்பு என்ற மூன்று வகைப் பெயர்களை உரையிலிருந்து பிரித்துத் தருகிறது. தேதி, ஏக்கர், ரூபாய் போன்றவற்றைச் சாதாரண வடிவத் தேடலே பிடித்துவிடும். இந்த இரண்டும் சேர்ந்தால் நம் சோதனைப் பத்தியின் விடைகள் கிட்டத்தட்ட முழுவதும் கைக்கு வந்துவிடும்.

இதே தமிழ் தெரிந்தவை வரிசையில் ஜெம்மா 3 போன்ற பெரிய பொது மாடல்களும் வருகின்றன. 2025-இல் கூகுள் வெளியிட்டது, 140-க்கும் மேற்பட்ட மொழிகளை ஆதரிப்பதாகச் சொல்கிறது. ஒல்லாமா என்ற மென்பொருள் வழியாகச் சொந்தக் கணினியிலேயே ஓட்டலாம். 400 கோடி அளவுருக்கள் கொண்ட வடிவம் சுருக்கிய நிலையில் சுமார் 3 ஜிபியில் அடங்கும், 1,200 கோடி வடிவத்துக்கு 7-8 ஜிபி அளவு வேண்டும். முழுப் பத்தியையும் படித்துவிட்டு எழுதுவதால் "அதற்கு" சிக்கல் பெரிதும் குறைகிறது. "எட்டாம் வகுப்புக்கு, விடை பத்திக்குள் இருக்கும்படி, யார்-எப்போது மட்டும் இல்லாமல் ஏன் என்றும் கேள்" என்று தமிழிலேயே சொல்லலாம். "ஏன்", "எப்படி" கேள்விகளுக்கு மேலே சொன்ன எந்த லைப்ரரியும் இதற்கு ஈடாகாது.

இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. இவை பத்திக்கு வெளியே தெரிந்ததையும், சில நேரம் இல்லாததையும் விடையாக எழுதிவிடும். விடைச் சொல் பத்தியில் இருக்கிறதா என்று நிரலே சரிபார்த்து, இல்லாததைத் தள்ளிவிட வேண்டும். இரண்டாவது, ஜெம்மாவின் எடைகளை (மாடல் கற்றதைச் சேமித்த கோப்புகளை) யாரும் இறக்கிக்கொள்ளலாம் என்றாலும் ஜெம்மா 3 கூகுளின் தனி நிபந்தனைகளின் கீழ் வருகிறது. எம்ஐடி உரிமம் போலக் கட்டில்லாதது அல்ல. வகுப்புக்குள் பயன்படுத்தத் தடையில்லை. நாளை இதை ஒரு செயலியாக்கிப் பல ஊர்களுக்குக் கொடுக்க நினைப்பவர் நிபந்தனைகளை உட்கார்ந்து படிக்க வேண்டும்.

தமிழை ஆங்கிலமாக்கி, ஆங்கில லைப்ரரியில் கேள்வி வாங்கி, திரும்பத் தமிழாக்கும் சுற்றுவழியையும் சிலர் சொல்கிறார்கள். இரண்டு மொழிபெயர்ப்பின் பிழையும் ஒரு கேள்வியின் தலையில் ஏறும். ஊர்ப்பெயரும் ஆள்பெயரும் வேறு எழுத்தோடு திரும்பி வரலாம். எனக்கு இதில் உடன்பாடில்லை.

விதிகளை நாமே எழுதினால்

இந்த ஒப்பீட்டில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. 2010-இல் ஹீல்மன், ஸ்மித் என்ற இரு ஆய்வாளர்கள் ஆங்கிலத்துக்கு விதிகளால் கேள்விகளை ஏராளமாக உருவாக்கி, பிறகு தரம் பார்த்து வரிசைப்படுத்தும் முறையை வெளியிட்டார்கள். ஆங்கிலத்தில் அது கடினமான வேலை. கேள்விச் சொல் முன்னால் போக வேண்டும், துணைவினை இடம் மாற வேண்டும், இல்லாத துணைவினையைப் புதிதாகக் கொண்டுவர வேண்டும். தமிழ் இந்த விஷயத்தில் நமக்குத் துணை நிற்கிறது. விடை இருந்த இடத்திலேயே கேள்விச் சொல்லை வைத்தால் போதும். "நேரு அடிக்கல் நாட்டினார்" என்பது "யார் அடிக்கல் நாட்டினார்?" ஆகும். "காரைக்குடியில்" இருந்த இடத்தில் "எந்த ஊரில்". வினைமுற்றின் கடைசியில் ஆகாரம் சேர்த்தால் ஆம்-இல்லை கேள்வி தயார்: "நாட்டினாரா?" அதில் நேருவுக்குப் பதில் ராதாகிருஷ்ணன் பெயரைப் போட்டால் "இல்லை" என்ற விடைக்கான கேள்வியும் கிடைத்துவிடும். வினாத்தாள் நடையில் வேண்டுமானால் "நாட்டினார்" என்பதை "நாட்டியவர்" ஆக்கி "யார்?" என்று கடைசியில் வைக்க வேண்டும். அடிக்கடி வரும் வினைகளுக்கு ஒரு பட்டியல் போட்டாலே பெரும்பகுதி முடிந்துவிடும்.

கடினம் வேறு இடத்தில் வருகிறது: ஆப்ஷன்களில். கோடிட்ட இடத்தில் "காரைக்குடியில்" வர வேண்டும் என்றால் நான்கு ஆப்ஷனும் அதே உருபோடு வர வேண்டும். தேவகோட்டை "தேவகோட்டையில்" ஆகிறது, பள்ளத்தூர் "பள்ளத்தூரில்", இராமநாதபுரம் "இராமநாதபுரத்தில்", காளையார்கோவில் "காளையார்கோவிலில்". "இல்" என்று எல்லாவற்றின் பின்னாலும் ஒட்டினால் "இராமநாதபுரம்இல்" என்று வந்து, எது விடை இல்லை என்பது பிள்ளைகளுக்கு உடனே தெரிந்துவிடும். இதற்கு இலங்கை ஆய்வாளர்களின் உழைப்பில் வந்த தமிழிமார்ஃப் உதவுகிறது. சொல்லைப் பிரித்துக் காட்டவும் உருபு சேர்த்துத் தரவும் அதனால் முடியும், அதுவும் திறந்த மூலம். ஊர்ப்பெயர்களுக்கு மட்டும் என்றால் ம், ல், ர், ஐ, இ என்ற ஈறுகளுக்குச் சில வரி நிரலே போதும்.

வாக்கிய அமைப்பைப் பிரிக்க ஸ்டான்ஸா என்ற லைப்ரரி இருக்கிறது. ஆனால் அதன் தமிழ் மாடல் பழகிய மரவங்கி (இலக்கண அமைப்பு குறிக்கப்பட்ட வாக்கியத் தொகுப்பு) 600 வாக்கியங்கள் கொண்டது, செய்தித்தாள் நடை. பாடநூலின் நீண்ட வாக்கியங்களில் அதை முழுதாக நம்பி விதி எழுதக் கூடாது. ஸ்பேசி என்ற இன்னொரு லைப்ரரியில் தமிழுக்குச் சொல் பிரிக்கும் அடிப்படை மட்டும் உண்டு, பயிற்சி பெற்ற மாடல் இல்லை. விதிகளைக் குறுகிய வாக்கியங்களுக்கு மட்டும் பயன்படுத்தி, நீண்டதை விட்டுவிடுவதே நல்லது. ஒரு பாடத்தில் குறுகிய வாக்கியங்களே போதிய அளவு இருக்கும்.

உள்ளே போகும் உரை சுத்தமாக இல்லையென்றால் மேலே சொன்ன எதுவும் வேலை செய்யாது. இந்தப் பக்கத்துக் கோயில் குடமுழுக்கு மலர்களிலும் பழைய ஆண்டு மலர்களிலும் உள்ளூர் வரலாறு குவிந்து கிடக்கிறது. பிள்ளைகளுக்கு அதைக் கேள்வியாக்கிக் கொடுக்க எனக்குப் பெரிய ஆசை. ஆனால் 1990-களில் அச்சானவற்றின் கோப்புகள் பெரும்பாலும் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் இருக்கின்றன. திரையில் தமிழாகத் தெரிந்தாலும் நகலெடுத்து ஒட்டினால் குப்பையாக வரும். முதலில் எழுத்துரு மாற்றி வேண்டும், அல்லது படமாக எடுத்து டெசரக்ட் என்ற எழுத்துணரி மென்பொருள் வழியே எழுத்தாக்க வேண்டும். யூனிகோடிலும் ஒரு நுணுக்கம் உண்டு. "கொ" என்ற எழுத்தின் கொம்பையும் காலையும் ஒரே குறியாகவும் எழுதலாம், இரண்டு தனிக் குறிகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றுதான், கணினிக்கு வேறு வேறு. விடை பத்தியில் இருந்தும் "இல்லை" என்று நிரல் சொல்வதற்கு இது ஒரு காரணம். பைத்தானிலேயே உள்ள இயல்பாக்கும் கருவியால் ஒரே வரியில் தீரும்.

எண்களை நம்பும் முன்

ஆய்வுக் கட்டுரைகளில் ப்ளூ, ரூஜ் என்ற மதிப்பெண்கள் இருக்கும். கருவி எழுதிய கேள்வி, மனிதர் எழுதிய மாதிரிக் கேள்வியோடு எவ்வளவு சொல் ஒத்துப்போகிறது என்பதன் அளவு அவை. பரவலாகப் பயன்படும் ரூஜ் நிரலின் இயல்பான அமைப்பு ஆங்கில எழுத்தையும் எண்ணையும் தவிர எல்லாவற்றையும் நீக்கிவிட்டு எண்ணுகிறது. தமிழ்க் கேள்வியை அப்படியே கொடுத்தால் அதில் மிஞ்சுவது ஆண்டுகள் மட்டுமே. அருமையான கேள்விக்கும் பூஜ்யம் வரலாம். தமிழை ஏற்கும் பன்மொழி ரூஜ் வடிவம் இருக்கிறது, அதைத்தான் பயன்படுத்த வேண்டும். சரியாக அளந்தாலும், "அடிக்கல் நாட்டியவர் யார்?" என்பதும் "யார் அடிக்கல் நாட்டினார்?" என்பதும் ஒரே கேள்வி என்று இந்த அளவுகளுக்குத் தெரியாது.

ஆகவே ஆசிரியர்களின் கண்ணையே அளவுகோலாக வைத்துக்கொள்ளச் சொல்வேன். எந்தக் கருவி எழுதியது என்று சொல்லாமல், இடையிடையே மனிதர் எழுதிய கேள்விகளையும் கலந்து, இரண்டு ஆசிரியர்களிடம் தனித்தனியாகக் கொடுங்கள். தமிழ் சரியா, விடை பத்தியில் இருக்கிறதா, விடை ஒன்றுதானா, கேட்கத் தகுந்த கேள்வியா என்று குறிக்கச் சொல்லுங்கள். அதோடு திருத்துவதற்கு ஆகும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு கேள்வியைத் திருத்துவதற்குள் புதிதாக ஒன்றே எழுதிவிடலாம் என்றால் அந்தக் கருவி நமக்கு வேண்டாம்.

இவ்வளவும் பார்த்தபின் எங்கள் வகுப்புக்கு எடுத்த முடிவு: கோடிட்ட இடம், சரியா தவறா, ஆண்டு, அளவு ஆகியவற்றுக்குச் சொந்த விதிகள். இவற்றில் பிழை வந்தால் ஏன் வந்தது என்று தெரியும், ஒரு வரியைத் திருத்தினால் மறுபடி வராது. யார், எங்கே, எது கேள்விகளுக்கு ஏஐ4பாரத் மாடல், பெயர்களை நிரப்பிய பத்தியோடு. ஏன், எப்படி கேள்விகளுக்கு மட்டும் ஜெம்மாவின் 400 கோடி வடிவம், ஒவ்வொன்றையும் ஆசிரியர் படித்த பிறகே தாளில். 16 ஜிபி கணினி உள்ளவர்கள் 1,200 கோடி வடிவத்தை எடுத்து நடுவிலிருக்கும் ஏஐ4பாரத் மாடலை விட்டுவிடலாம். நிறுவும் வேலை பாதியாகக் குறையும். ஆங்கில வழிக்கு க்வெஸ்ட்ஜென் போதும், ஆப்ஷன்களை மட்டும் கையால் போடுங்கள்.

மிச்சமிருப்பது ஆப்ஷன்களுக்கான பெயர்ப் பட்டியல். நகரத்தாரின் ஒன்பது நகரக் கோயில்கள் உள்ள ஊர்களை முதலில் சேர்த்திருக்கிறோம்: இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி. "குடைவரைக் கோயிலில் கற்பக விநாயகர் இருக்கும் ஊர் எது?" என்ற கேள்விக்கு இந்தப் பட்டியலிலிருந்து மூன்று ஊர்களை எடுத்தால் நல்ல ஆப்ஷன்கள். "நகரக் கோயில் உள்ள ஊர் எது?" என்ற கேள்விக்கு அதே மூன்றும் சரியான விடைகளாகிவிடும். எனவே ஒவ்வொரு பெயருக்கும் எதற்கெல்லாம் அது விடையாகும் என்று பக்கத்திலேயே குறித்து வருகிறோம். தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கத்து ஊர்களுக்கு இந்தக் குறிப்பை எழுத அந்தந்த ஊர் ஆசிரியர்கள் வேண்டும். முடிந்ததும் பட்டியலை உருபு வடிவங்களோடு எம்ஐடி உரிமத்தில் வெளியிடுவோம்.